கனவில் வரும் அடுக்களைப் பொருள்களுக்குப் பொருள் காணும் முறை

கனவில் குடமோ அம்மியோ உலைப்பானையோ வந்துவிட்டால் பலன் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பதே பலரின் வழக்கம். "குடம் கண்டால் நன்மை" என்று பட்டியல் ஒரே வரியில் முடித்துவிடும். அது நிறைகுடமா வெறுங்குடமா, யார் கையில் இருந்தது, என்ன ஆயிற்று என்பவற்றைக் கேளாமல் பொருள் சொல்வது முறையன்று.

ஆகவே விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, பொருளின் நிலையையும் அதனோடு நடந்த செயலையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ட நேரத்தையும் எழுதுங்கள். இரவை நான்கு சாமங்களாகப் பிரித்தால், முதற்சாமத்துக் கனவு 1 ஆண்டிலும், இரண்டாம் சாமத்தது 8 திங்களிலும், மூன்றாம் சாமத்தது 3 திங்களிலும், கடைச்சாமத்தது 10 நாளிலும் பலிக்கும் என்பது பழைய கனாநூல் வழக்கு. கனவு மிகுந்த உறக்கநிலை விடியலை நெருங்க நெருங்க நீள்வதால், நினைவில் தங்குபவை பெரும்பாலும் கடைச்சாமக் கனவுகளே.

அடுத்து, அப்பொருள் சமையலுக்கு அப்பால் நம் வாழ்வில் எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆண்டாளின் 'வாரணம் ஆயிரம்' பதிகத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை. முதற்பாட்டில் பூரண பொற்குடம் வைக்கப்படுகிறது; பின்னால் "அம்மி மிதிக்கக் கனாக்கண்டேன்" என்கிறாள்; அதற்கு அடுத்த பாட்டில் பொரியை முகந்து தீயில் இடுகிறார்கள். மூன்றும் அடுக்களையில் அன்றாடம் புழங்குபவைதாம். மணச்சடங்கு என்ற சூழலே அவற்றுக்கு மங்கலப் பொருளைத் தருகிறது. கனவில் அம்மியில் மிளகாய் அரைத்துக் கை ஓய்ந்துபோனால், அதைத் திருமண அறிகுறியாகக் கொள்ளாமல், ஓயாத வேலையின் சுமையாகக் கொள்வதே பொருந்தும்.

உடைந்த குடத்தைக் கண்டு நடுங்குவோர் மிகப் பலர். சுடுகாட்டில் தோளில் சுமந்து சென்று உடைக்கும் கொள்ளிக்குடம் நினைவுக்கு வருவதே அந்த அச்சத்துக்குக் காரணம். கனவில் குடத்தைத் தோளில் சுமந்தீர்களா, அதில் ஓட்டையிட்டு நீர் ஒழுகவிட்டார்களா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல் அடுக்களைத் தரையில் கைதவறி உடைந்திருந்தால், சாவின் பொருளை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை. வீட்டில் கவனம் தவறிய காரியம் எது என்று தேடினால் போதும்.

எண்ணெயையும் இவ்வாறே நோக்க வேண்டும். கம்பராமாயணத்தில் திரிசடை கண்ட கனவில், இராவணன் தலைகளில் எண்ணெய் பூசிச் செந்நிற ஆடையுடன் தென்திசை நோக்கிச் செல்கிறான். அது அவன் அழிவைக் குறித்தது. தலையில் வழியும் எண்ணெய்க்கு உரிய அந்தத் தீய பொருளைத் தாளிக்கும் வாணலி எண்ணெய்க்கு நீட்டுவது தவறு.

அடுப்புக்குப் பொருள் காண்பதில் எனக்கு உளப்பகுப்பாய்வு அறிஞர் ஃபிராய்டின் கருத்தும் உதவுகிறது. பெட்டி, அலமாரி, அடுப்பு ஆகியவை கருப்பையைச் சுட்டலாம் என்று அவர் கருதினார். எனினும் கனவு கண்டவரின் சொந்த நினைவுகளைக் கேளாமல் குறியீட்டை மட்டும் நம்பக்கூடாது என்றும் வற்புறுத்தினார். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கும், அடுப்பில் சூடுபட்ட தழும்போடு வளர்ந்தவருக்கும் அடுப்பு ஒன்றாகாது.

அரிசிப்பானை வெறுமையாகக் கிடந்ததாகக் கனவு கண்டால், காலையில் முதல் வேலையாக வீட்டுப் பானையைத் திறந்து பாருங்கள். அரிசி உண்மையாகவே தீர்ந்திருந்தால் அதுவே பொருள். பானை நிறைந்திருந்தால் மட்டும், வேறு எந்தக் குறை உறுத்துகிறது என்று எழுதத் தொடங்குங்கள்.