ஆயில் குச்சி சொன்ன பொய்

வாய்க்கால் மேட்டில் வைத்திருந்த ஐந்தரை எச்.பி. பெட்ரோல் பம்ப்செட் பத்து நிமிஷம் ஓடும், பொசுக்கென்று நின்றுவிடும். உடனே கயிறு இழுத்தால் ஸ்பார்க்கே வராது. டீ குடித்துவிட்டு வந்து இழுத்தால் கிளம்பும். பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். இரண்டு நாள் போனது. ஆயில் மேல் சந்தேகமே வரவில்லை. ஆயில் மூடியோடு சேர்ந்த அளவுக் குச்சியில்தான் இரண்டு கோட்டுக்கும் நடுவே தெரிகிறதே!

அங்கேதான் ஏமாந்தேன். மூடியை முழுசாகத் திருகி எடுத்துப் பார்ப்பது என் பழக்கம். இந்த எஞ்சினுக்கோ, துடைத்த குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது கையேடு. திருகினால் குச்சி கூடுதலாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். (திருகியே பார்க்க வேண்டிய எஞ்சின்களும் உண்டு, கையேட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.) போதாக்குறைக்குச் சரிவு வேறு. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் உள்ளே ஆயில் அளவைக் கவனிக்கும் சென்சார் ஸ்பார்க்கை நிறுத்தியிருக்கிறது. எஞ்சினைக் காப்பாற்றத்தான், நான் அதைத் திட்டாத திட்டில்லை.

பலகை போட்டுச் சமமாக வைத்து, ஆறவிட்டு, ஊற்றும் துளையின் விளிம்பு வரை 10டபிள்யூ-30 ரக எஞ்சின் ஆயில் ஊற்றினேன். 150 மில்லி பிடித்தது. மொத்தமே 600 மில்லிதான் கொள்ளும்! அன்று பொழுது சாயும்வரை நிற்காமல் ஓடியது.