புலித்தோடா, புளித்தோடா? மலையோடைப் பெயரைத் துப்புத் துலக்க

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்கு மேலேயோ கீரிப்பாறைப் பக்கமோ ஓர் ஓடைக்கு (அங்கே 'தோடு' என்பார்கள்) விலங்கின் பெயர் இருந்தால், விலங்கைத் தேடும்முன் எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான் நடக்கிறது. ஆங்கில எழுத்தில் புலியும் புளியும் ஒன்று, ஆனையும் அணையும் ஒன்று, கீரியும் கீறியும் ஒன்று. ஓடைக்கரை நிழலில் குடம்புளி தானாக வளரும். மீன்குழம்புக்குப் போடுகிற அதே புளி. கரையில் அந்த மரம் நின்றால் புலிக்கதையை ஓரமாக வைத்துவிடலாம்.

இந்தப் பகுதி 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பழைய நிலப் பதிவுகள் பல மலையாள எழுத்தில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். அதில் ல-ள, ன-ண, ர-ற மூன்றும் பிரிந்தே நிற்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவரைக் கூட அழைத்துப் போங்கள். ஆண்டை மாற்ற 824-ஐயும் 825-ஐயும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்: கொல்லம் 1081 என்பது 1905 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1906 ஆகஸ்ட் நடு வரை. இன்னொன்று, மலையாள வழக்கில் 'புலி' பெரும்பாலும் சிறுத்தை. வரிப்புலிக்குக் 'கடுவா' என்று தனிச்சொல் உண்டு.

அடுத்து இந்த மலைகளில் வாழும் காணி பழங்குடி மக்களிடம் கேட்க வேண்டும், முதலில் அவர்கள் தலைவரான மூட்டுக்காணியைப் பார்த்துவிட்டு. "இங்க புலி உண்டா?" என்று தொடங்கினால் மரியாதைக்கு "உண்டு" என்பார்கள், வேலை கெட்டது. "இந்தத் தோட்டுக்கு என்ன பேரு? எங்கயிருந்து எதுவரைக்கும் அந்தப் பேரு?" என்று கேளுங்கள். அனுமதி வாங்கி அலைபேசியில் பதிந்து, ள, ண சொல்லும்போதுபோல நாக்கு மடிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது. சேர்ந்து உட்கார்ந்தால் மூத்தவர் சொன்னதே பதிலாகிவிடும்.

1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. அதில் முழு ஓடைக்கும் ஒரே பெயர் போட்டிருப்பார்கள். தரையிலோ அது ஒரு கயத்துக்கோ (ஓடையில் ஆழமான இடம்) பாறைக்கோ மட்டும் உரியதாக இருக்கலாம். வனத்துறை அனுமதியோடு, தண்ணீர் குறைந்த மாசி வாக்கில் போய், பாறையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். ஆனை முதுகு தெரிவது அந்தக் கோணத்தில்தான். செடிகளையும் கவனியுங்கள். கீரிப்பூண்டு ஈரநிழலில் முளைப்பது; 'கீரி' அதிலிருந்தும் வந்திருக்கலாம்.

பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-ல். தேடும் கயம் அணைத் தண்ணீருக்குள் போயிருந்தால் அதற்கு முந்தைய பதிவுதான் கதி. ராஜா வேட்டைக்கு வந்ததால் பெயர் வந்தது என்பதுபோன்ற கதையைக் கடைசியில் எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்பதோடு.