அம்பாசடரில் டைமிங் செயின் மாற்றுவது எப்படி

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டருக்குப் பின்னால் கரகரவென்று சத்தம், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது இன்னும் கூடுகிறது என்று பட்டறையில் சொன்னால், "செயின் சவுண்டு சார், ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது" என்பார்கள். கொஞ்ச நாளைக்கு ஆகாதுதான். ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவது இந்த டைமிங் செயின்தான். அது தொளதொளத்துப் போனால் கேம் ஷாஃப்ட் பின்தங்கும், வால்வு திறக்க வேண்டிய நேரத்துக்குத் திறக்காது, இழுவை போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அம்பாசடர் எப்படியும் இரண்டாவது கியர் கேட்கும், செயின் தேய்ந்த வண்டியோ முதல் கியருக்கு இறங்கிவிடும்.

இங்கே சொல்வது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். பிற்கால அம்பாசடர்களில் வந்த ஐசுசு 1800 இன்ஜினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருக்கிறது, அந்த வேலை வேறு.

முதலில் சத்தம் செயினிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட விடுங்கள், சத்தம் நின்றுவிட்டால் வாட்டர் பம்ப் அல்லது டைனமோ பேரிங், செயினைத் தொட வேண்டாம். அடுத்தது, எனக்குப் பிடித்த சோதனை: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஒருவர் அதற்குள் சுழலும் ரோட்டாரைப் பார்த்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் முன்னால் ஹேண்டிலை மாட்டி கிராங்கை ஓடும் திசையில் கொஞ்சம் சுற்றி நிறுத்தி, அப்புறம் கிராங்க் புல்லியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் திருப்ப வேண்டும். புல்லி நன்றாகத் திரும்பிய பிறகும் ரோட்டார் அசையாமல் நின்றால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி செயினின் தொய்வு.

செயின் மட்டும் வாங்காதீர்கள். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். இரண்டு பல் சக்கரங்கள், செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இருந்தால் அது, முன் கவர் பேக்கிங், ஆயில் சீல், லாக் வாஷர், எல்லாம் சேர்த்து வாங்குங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயிலேறி சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் விசாரிக்கலாம். கடையிலேயே பழைய செயினையும் புதியதையும் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், பழையது வில்லாக வளைந்து தொங்கும், புதியது அவ்வளவாக வளையாது.

மே மாதம் என்றால் விடியற்காலையில் ஆரம்பியுங்கள், பத்து மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் ஸ்பேனரைத் தொட முடியாது. பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணீரை வடித்து, ரேடியேட்டரையும் ஃபேனையும் எடுத்துவிடுங்கள். அடுத்து கிராங்க் புல்லியின் பெரிய நட்டு. அதன் லாக் வாஷரின் மடிப்பை உளியால் தட்டி நிமிர்த்தாமல் ஸ்பேனரைப் போடாதீர்கள். வண்டியை நாலாவது கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கிராங்க் சுற்றாது. ஸ்பேனரை மாட்டிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டி நட்டைக் கழற்றுபவர்கள் உண்டு, கை போகிற வேலை அது.

புல்லியை எடுத்து முன் கவரைத் திறந்ததும் கிராங்க்கில் ஆயில் தடுக்கும் தட்டு ஒன்று தெரியும். எந்தப் பக்கம் முன்னால் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். அடுத்து, எதையும் அவிழ்ப்பதற்கு முன் கிராங்கைச் சுற்றி, இரண்டு பல் சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி நிறுத்துங்கள். கேம் நட்டைக் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் செயினோடு சேர்த்தே கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள். சின்னச் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் இருக்கும், அவை தொலையக் கூடாது. இதற்கப்புறம் கிராங்க், கேம் இரண்டையும் அசைக்காதீர்கள்.

புதியதையும் அப்படியே: செயினைச் சக்கரங்களில் சுற்றி, புள்ளிகள் நேர் வரும்படி பிடித்து, இரண்டையும் ஒன்றாக ஏற்றுங்கள். இரண்டு சக்கரங்களின் முகத்திலும் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், ஒன்று உள்ளே தள்ளி இருந்தால் அந்தத் தகடுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம், செயின் கோணலாக ஓடித் தேய்வதும் அதனால்தான். கேம் நட்டை முறுக்கி லாக் வாஷரை மடித்த பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், புள்ளிகள் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். நடுவில் முட்டுவதுபோல் இருந்தால் பலம் காட்டாதீர்கள், கழற்றி மறுபடி பாருங்கள்.

கவரை மாட்டும்போது போல்ட்டுகளை லூசாக வைத்து, புல்லியின் கழுத்தில் ஆயில் தடவி சீலுக்குள் நுழைத்து, கவர் தானாக நடுவுக்கு வந்தபின் டைட் செய்யுங்கள். இல்லாவிட்டால் புது சீலிலும் ஆயில் கசியும்.

செயின் தொய்வு போனதால் இக்னிஷன் டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) நகர்ந்திருக்கும், அதை மறுபடி வைத்தாக வேண்டும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2. தண்ணீர் ஊற்றி, ஆயில் அளவு பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள், முதல் சில நொடிகள் லேசாகச் சத்தம் வந்து ஆயில் ஏறியதும் அடங்கினால் சரி.