மாஸ்டர்களின் ஆட்டங்களை வைத்து வியூகமும் எண்ட்கேமும் பயில்வது எப்படி?

செஸ் புதிர் என்றாலே பெரும்பாலானோர் செய்வது, கைப்பேசிச் செயலியில் இரண்டு மூன்று நகர்த்தல்களில் ராணியை வெல்லும் அல்லது மேட் வைக்கும் நிலைகளை அடுத்தடுத்து விடுவிப்பதுதான். அந்தப் பயிற்சி அவசியமானதே. ஆனால் அத்தகைய புதிர் கண்ணில் பட்டதுமே, இங்கே ஏதோ ஒரு வெட்டு ஒளிந்திருக்கிறது என்ற தகவலும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. போட்டியில் அப்படி யாரும் காதில் வந்து சொல்வதில்லை. வெட்டு எதுவும் இல்லாத நிலையில் என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்குத்தான் மாஸ்டர்களின் ஆட்டங்களிலிருந்து எடுத்த வியூகப் புதிர்கள் பெரிதும் உதவும். அவற்றுக்கு விடை ஒரு தனி நகர்த்தல் அல்ல, ஒரு திட்டம்.

1974ஆம் ஆண்டு நீஸ் ஒலிம்பியாடில் ஜெர்மனியின் உன்சிக்கருக்கு எதிராக வெள்ளையாக ஆடிய சோவியத் கிராண்ட்மாஸ்டர் கார்ப்போவ், 24ஆவது நகர்த்தலில் தம் பிஷப்பை ஏ7 கட்டத்தில் (ஏ முதல் எச் வரை நெடுவரிசை, 1 முதல் 8 வரை வரிசை) கொண்டுபோய் வைத்தார். அது எந்தக் காயையும் மிரட்டவில்லை. ஆனால் ஏ நெடுவரிசையில் யானைகளை மாற்றிக்கொண்டு மூச்சுவிட நினைத்த கறுப்புக்கு அந்த வழி அடைபட்டது. பிஷப்பின் மறைவில் வெள்ளை தன் யானைகளை நிதானமாக அடுக்கிக்கொண்டு, பிறகு எஃப்4 என்று ராஜா பக்கம் தாக்குதலைத் திறந்தது. எத்தனை நகர்த்தல் ஆழம் கணக்கிட்டாலும் இந்த விடை அகப்படாது. எதிராளி இப்போது எதை விரும்புகிறார் என்று கேட்பவருக்கே அகப்படும்.

ஆகவே பயிற்சியைத் தொடங்கும்போது நிலையை உண்மையான பலகையில் அடுக்குங்கள். கணினி எஞ்சினை மூடிவையுங்கள். காய்களைத் தொடாமல் பதினைந்து இருபது நிமிடங்கள் பார்த்து, எதிராளியின் விருப்பம் என்ன, உங்கள் காய்களில் வேலையின்றி நிற்பது எது, எந்தக் காயை மாற்றிக்கொண்டால் யாருக்கு லாபம், எந்த ராஜா முன்னேறி வர முடியும் என்பவற்றுக்கு உங்கள் பதிலைத் தாளில் எழுதுங்கள். எழுதுவது முக்கியம். மனத்துக்குள் வைத்திருந்தால், விடையைப் பார்த்ததும் 'இதைத்தான் நானும் நினைத்தேன்' என்று தோன்றிவிடும்.

காய்கள் குறைந்துபோன இறுதிக் கட்டமான எண்ட்கேமில், கடைசியாகச் சொன்ன ராஜாவைப் பற்றிய கேள்விதான் தலையாயது என்பதற்கு 1924ஆம் ஆண்டு நியூயார்க் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் கபாபிளாங்கா வெள்ளையாக ஆடி டார்டகோவரை வென்ற ஆட்டத்தைவிடச் சிறந்த பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 35ஆவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையை அடுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு ராஜா எஃப்3இல், யானை எச்7இல், சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5 கட்டங்களில். கறுப்புக்கு ராஜா எஃப்8இல், யானை சி6இல், சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5 கட்டங்களில். ஆட வேண்டியது வெள்ளை. சி3 சிப்பாய் வெட்டுப்படப் போகிறது.

இங்கே பெரும்பாலோரின் கை சி3ஐக் காப்பாற்றவே போகும். கபாபிளாங்கா ராஜாவை ஜி3க்கு நகர்த்தினார். கறுப்பு யானை சி3ஐ செக்குடன் வெட்டியது. ராஜா எச்4க்குப் போனது. யானை எஃப்3க்கு வர, வெள்ளை ஜி6 என்று சிப்பாயைத் தள்ளியது. எஃப்4 சிப்பாயும் செக்குடன் போனது. ராஜா ஜி5க்கு ஏறியது. இப்போது வெள்ளையிடம் மூன்று சிப்பாய்கள், கறுப்பிடம் ஐந்து. கறுப்பு யானை ஈ4க்கு விலகியதும், எஃப்5 சிப்பாயை வெட்ட முடிந்தும் வெட்டாமல், வெள்ளை ராஜா எஃப்6இல் போய் நின்றது.

இந்த 39ஆவது நகர்த்தலில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். வெட்டியிருந்தால் எஃப் நெடுவரிசையில் ராஜா திறந்தவெளியில் நின்று யானையின் செக்குகளை வாங்கியிருக்கும். வெட்டாமல் விட்டதால் கறுப்பின் சொந்தச் சிப்பாயே வெள்ளை ராஜாவுக்கு மறைப்பாகிவிட்டது. அதே சமயம் யானை எச்8க்கு வந்தால் மேட் என்ற மிரட்டலும் எழுந்தது. கறுப்பு ராஜா ஜி8க்கும், அடுத்த செக்கில் எச்8க்கும் ஒதுங்க, வெள்ளை யானை சி7ஐ வெட்டியது. மேட்டைத் தடுக்கக் கறுப்பு யானை ஈ8க்கு ஓடி முடங்கியது. எஃப்5 சிப்பாயை வெள்ளை அதற்குப் பிறகே சாவகாசமாக எடுத்தது. 52ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

இதைப் படித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலைதான் முடிந்தது. அதே நிலையை நண்பருடனோ எஞ்சினுடனோ வெள்ளையாக ஒருமுறை ஆடிப்பாருங்கள். டார்டகோவர் ஆடிய நகர்த்தல்களையே எதிராளி ஆட மாட்டார், திட்டம் உங்களுக்கு உண்மையிலேயே புரிந்ததா என்பது அப்போது தெரியும். பிறகு கறுப்பாக ஆடுங்கள். எஞ்சினின் மதிப்பீட்டை அதற்கும் பிறகு பாருங்கள்: அது யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எண்ணில் சொல்லும், காரணத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தகைய நிலைகளை ஆராய அடிப்படை எண்ட்கேம் அறிவு கொஞ்சம் வேண்டும். ஒற்றைச் சிப்பாயுடன் ராஜாக்கள் எதிரெதிராக நிற்கும் நிலைகள், லுசெனா நிலை (யானை எண்ட்கேமில் ஒரு சிப்பாய் அதிகமுள்ளவர் வெல்லும் அடிப்படை நிலை), பிலிடோர் நிலை (அங்கே தற்காப்பவர் டிரா செய்யும் நிலை) ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடத் தெரிந்திருக்க வேண்டும். பிலிடோர் நிலையில், தற்காப்பவரின் யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நின்று எதிரி ராஜாவைத் தடுத்துக்கொண்டிருக்கும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கும். அவ்வளவுதான், ஆனால் அதைச் சரியான தருணத்தில் செய்ய வேண்டும்.

காய் மாற்றம் பற்றிய கேள்விக்குச் சென்னையின் குகேஷ் உலக சாம்பியன் ஆன ஆட்டமே பாடம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த 14ஆவது ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைந்திருந்தும் டிராவை நோக்கித் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த அப்போதைய சாம்பியன் டிங் லிரென், வெள்ளையாக ஆடி, 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2இல் வைத்தார். கறுப்பாக ஆடிய குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு பிஷப்பை டி5இல் நிறுத்தினார். ஏ8 மூலையில் நின்ற டிங்கின் பிஷப்பால் மாற்றத்தைத் தவிர்க்க முடியவில்லை. எஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே, அது கறுப்புக்கு வெற்றி. எல்லாக் காய்களும் போனால் யார் வெல்வார் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு கேட்டுக்கொள்ள வேண்டிய காரணம் இதுவே.

டோபலோவுக்கு எதிராக 1998இல் லினாரெஸில் ஷிரோவ் எச்3இல் தந்த பிஷப் பலி போன்ற அதிசயங்களை ரசியுங்கள். ஆனால் பயிற்சியை அவற்றிலிருந்து தொடங்க வேண்டாம். அடிக்கடி வருபவை யானை எண்ட்கேம்கள்தாம், முதலில் அவற்றையே எடுங்கள். வாரத்துக்கு இரண்டு நிலைகள் போதும். விடுவித்த ஒவ்வொன்றின் கீழும் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிவைத்து, ஒரு மாதம் கழித்து அந்த வாக்கியத்தைப் பார்க்காமல் அதே நிலையை மறுபடி அடுக்குங்கள். நீங்கள் ஆடிய ஆட்டங்களின் எண்ட்கேம்களையும் அதே நோட்டில், அதே கேள்விகளுடன் சேர்த்துவாருங்கள்.