ஆற்று நீர்ப் பங்கீட்டில் உள்ளூர் மக்கள் பேசுவது எப்படி: செபராங் பிறை குடியிருப்பாளர் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் பத்து காவானிலும் அதைச் சுற்றியுள்ள வட்டாரங்களிலும் புதிய தாமான்களும் (வீடமைப்புப் பகுதிகளும்) தொழிற்பேட்டைகளும் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கான தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எவருடைய அனுமதியோடு வரப்போகிறது என்று குடியிருப்பாளர் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். குழாய் வற்றிய பிறகு எழுப்பும் கேள்வி வெறும் புகாராகவே பதிவாகும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்து ஊர்கள் இதே கேள்வியோடு பல தலைமுறைகளாகப் போராடி வருவதால், அவர்கள் கண்ட வழிகளையும் பட்ட இடர்களையும் தேவையான இடங்களில் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து ஆறு வரை பின்னோக்கிச் செல்லுங்கள். பினாங்கு மாநிலத்தின் கச்சா நீரில் (சுத்திகரிக்கப்படாத நீரில்) 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது மூடா ஆற்றிலிருந்து கிடைக்கிறது. லஹார் தியாங்கில் எடுக்கப்படும் நீர் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. மெங்குவாங் அணையை நிரப்புவதற்கும் இந்த ஆற்று நீரையே இறைக்கிறார்கள். ஆறோ அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காடுகளில் பிறக்கிறது. அங்குள்ள மூடா அணையின் நீர் சுரங்க வாய்க்கால் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பப்பட்டு, கெடா சமவெளியின் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே நம் வரைபடத்தில் கெடா விவசாயியும் இருக்கிறார் என்பதை மனத்தில் கொண்டே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதைப் பிரித்தறியுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, ஒரே மாநிலத்துக்குள் முழுமையாக ஓடும் ஆறு அந்த மாநிலத்தின் பொறுப்பு. மாநில எல்லை கடந்த ஆறு, தொடர்புடைய மாநிலங்கள் அனைத்தும் ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில், கூட்டரசின் பட்டியலில் வருகிறது. நீர் விநியோகச் சேவை 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலில் உள்ளது. அதை 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின்கீழ் ஸ்பான் எனும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் கண்காணிக்கிறது. மாநகர் மன்றத்தின் கையில் ஆறு இல்லை, ஆனால் நிலத் திட்டமிடல் இருக்கிறது. ஆற்றைப் பற்றிய கேள்வியை மன்றத்துக்கும், கட்டட அனுமதியைப் பற்றிய கேள்வியை நீர் நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதால் பயன் எதுவுமில்லை.

எண்களைக் கேட்கும்போது மிகுந்த கவனம் தேவை. அமெரிக்கத் தென்மேற்கின் கொலராடோ ஆற்றை 1922ஆம் ஆண்டு பங்கிட்டவர்கள் மேற்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி என்று எழுதினார்கள். 1944ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிக்கோவுக்கு மேலும் 15 லட்சம் சேர்ந்தது. (ஓர் ஏக்கர்-அடி ஏறத்தாழ 1,233 கன மீட்டர்.) அவர்கள் கணக்கிட்டவை மழை மிகுந்த ஆண்டுகள். 2000க்குப் பிறகு அந்த ஆற்றின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 120 லட்சமாகக் குறைந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. எனவே ஆண்டுச் சராசரியைப் பெற்றுக்கொண்டு நிறைவடையாதீர்கள். வறண்ட மாதங்களில் ஆறு எவ்வளவு தாழ்ந்தது, அப்போது எவ்வளவு எடுக்கப்பட்டது என்ற இரண்டையும் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, புதிய கட்டடங்களுக்கான அனுமதியைத் தண்ணீர் இருப்போடு இணைப்பது. உள்ளூர் மக்களுக்கு உண்மையான பிடி இருக்கும் இடம் இது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. அரிசோனா மாநிலம் 1980இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றி, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மனைகளாகப் பிரிக்கப்படும் புதிய குடியிருப்புக்கு 100 ஆண்டுகளுக்கான நீர் இருப்பு காட்டப்பட வேண்டும் என்ற விதிக்கு வழிவகுத்தது. 2023இல், பீனிக்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய குடியிருப்புகளுக்கு ஒப்புதல் நிறுத்தப்பட்டதும் அந்த விதியின் வலிமையால்தான். ஆனால் 6 மனைகளுக்குக் குறைவாகப் பிரித்தால் விதி பொருந்தாது என்ற சந்து வழியாக ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற ஊரில் வீடுகள் பெருகின. அவற்றில் பல, பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேலிலிருந்து லாரியில் வந்த நீரை நம்பியிருந்தன. 2023 ஜனவரி முதல் நாளில் அந்த நகரம் தன் மக்களுக்கே நீர் போதவில்லை என்று கூறி வழங்கலை நிறுத்தியபோது, வீட்டுப் பத்திரம் கையில் இருந்தும் அவர்களுக்குத் தண்ணீர் உரிமை இல்லாமல் போயிற்று. வீட்டைக் கட்டிவிட்ட பிறகு அதற்கு நீர் தேடுவது எவ்வளவு கொடுமையானது என்பதை நம் தாமான்காரர்களும் அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கான வாயில், 1976ஆம் ஆண்டு நகர், புறநகர்த் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வரும் உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த நிலம் எதற்குப் பயன்படும் என்று வகுக்கும் திட்டம். அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, அறிவிப்பில் குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ‘தண்ணீர் போதாது’ என்ற ஒற்றை வரி போதவே போதாது. குறிப்பிட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கூடுதலாகத் தேவைப்படும், அதை எந்தச் சுத்திகரிப்பு நிலையம் தரும், அந்த நிலையத்தின் உபரித் திறன் எவ்வளவு, வறட்சியில் எவருக்கு முதலில் குறைக்கப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விசாரணையில் நேரில் பேச விரும்புவதையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

சொந்தப் பயன்பாட்டையும் மேசையில் வைத்தே பேச வேண்டும். நெவாடாவுக்குக் கொலராடோவில் கிடைத்த பங்கு 3 லட்சம் ஏக்கர்-அடி மட்டுமே. அப்படியிருந்தும் லாஸ் வேகாஸ் வளர்ந்ததற்குக் காரணம், 1991இல் ஏழு உள்ளூர் நீர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்ததும், வீட்டுக்குள் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து மீட் ஏரிக்கே திருப்பி அனுப்பி அந்த அளவை மீண்டும் எடுத்துக்கொண்டதும், புல்தரையை அகற்றுவோருக்குப் பணம் கொடுத்ததும் ஆகும். நாம் ஆற்றின் கடைமடையில் இருப்பதால் நம் கழிவுநீர் கடலை நோக்கியே போகிறது. அதை ஆற்றுக்குத் திருப்பும் வழி எளிதல்ல. ஆகவே கசிவைத் தடுப்பதும், தொழிற்சாலைகள் மறுசுழற்சி நீரைப் பயன்படுத்தக் கேட்பதும், மழைநீரைத் தோட்டத்துக்கும் கழுவலுக்கும் பிடித்து வைப்பதுமே நமக்கு ஏற்றவை.

கெடாவோடு பேசும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சா நீருக்குக் கட்டணம் வேண்டும் என்று கெடா அரசு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதி தன் எல்லையிலும் ஓடுவதால் நீரெடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்பது பினாங்கின் வாதம். இந்தப் பூசலில் சங்கங்கள் நடுவராக வேண்டியதில்லை. உலு மூடா காட்டைக் காப்பதற்கான செலவில் கீழுள்ளவர்களும் பங்கேற்க வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்பது இரு தரப்புக்கும் நன்மை தரும்.

இவ்வளவையும் ஒருவர் தலையில் கட்டாமல், சங்கத்தில் சிறு நீர்க் குழு அமையுங்கள். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தை (ஏரியைக் கவனிக்கும் குழுவை) ஆண்டுதோறும் மாற்றவும், கணக்குக் காட்டாத உறுப்பினரை மறுபடி சேர்க்காதிருக்கவும் விதி செய்துள்ளன. அந்த இரண்டு விதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும், வந்த பதிலும் தேதிவாரியாக ஒரே கோப்பில் இருக்கட்டும்; புதிய குழு பொறுப்பேற்கும் பொதுக்கூட்டத்திலேயே அந்தக் கோப்பை ஒப்படைத்துவிடுங்கள்.