அணைகளைக் கடந்து உயிர் பிழைத்த சால்மன் குஞ்சுகளைக் கணக்கிடும் முறை

அமெரிக்காவின் ஸ்னேக் ஆற்றில், லோயர் கிரானைட் அணைக்கு மேலே பிறக்கும் சினூக் சால்மன் குஞ்சு, எட்டு அணைகளைக் கடந்தால்தான் கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் கடலைச் சேர முடியும். இடையில் மடிபவற்றை நேரில் எண்ண வழியில்லை. அவற்றில் பல பறவைக்கோ பெரிய மீனுக்கோ இரையாகிவிடுகின்றன. அதனால் குஞ்சுகளுக்குள் ‘பிட்’ குறியைச் செலுத்தி, அவை எங்கெங்கே தென்படுகின்றன என்று பார்ப்பதே 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கே வழக்கம்.

பிட் குறி என்பது 12 மி.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குப்பி. இரண்டு அரிசியை நீளவாக்கில் வைத்த அளவு இருக்கும். மின்கலம் கிடையாது, ஆண்டெனாவின் அருகே வரும்போது மட்டும் தனக்குரிய எண்ணைத் தெரிவிக்கும். குஞ்சை மயக்கமருந்து கலந்த நீரில் இட்டு, அது புரண்டு கிடக்கத் தொடங்கியதும் நனைந்த கையால் எடுத்து, வயிற்றின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, ஊசிமுனை வாலை நோக்கியிருக்குமாறு குறியைச் செலுத்த வேண்டும். உலர்ந்த கை பட்டால் மேல்வழவழப்பு உரிந்து நோய் தொற்றும். மிகச் சிறிய குஞ்சுகளையும், நீர் வெப்பம் ஏறிய நாள்களையும் தவிர்க்கவும். விடுவிப்பதற்கு முன் தொட்டியில் இறந்தவற்றின் எண்களையும் கழன்று விழுந்த குறிகளையும் பட்டியலிலிருந்து நீக்காவிட்டால், அந்தப் பழியும் அணையின் மேல் விழும்.

கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆண்டெனாக்கள் பெரும்பாலும் குஞ்சுகளுக்கென அமைத்த மாற்றுவழிக் குழாயில் உள்ளன. கலிங்கு வழியாகவோ டர்பைன் வழியாகவோ போனவை அங்கே பதிவாவதில்லை. கலிங்கில் கூடுதல் நீர் திறந்துவிடும் ஆண்டில் பதிவு குறைவது இயல்பு. அதைச் சாவு என்று படிப்பது பெரும்பிழை. கற்பனையாக ஒரு கணக்கைப் பாருங்கள். லோயர் கிரானைட்டில் விட்ட 1,000 குஞ்சுகளில், அடுத்துள்ள லிட்டில் கூஸ் அணையில் 360 பதிவாகின்றன. அதற்கும் கீழே 400 பதிவாகின்றன. அவற்றில் 160 லிட்டில் கூஸிலும் பதிவானவை. அந்த 400-உம் லிட்டில் கூஸை உயிரோடு கடந்தவை என்பது உறுதி; அவற்றில் 160-ஐ மட்டுமே அங்குள்ள ஆண்டெனா கண்டது என்றால் அதன் பதிவுத் திறன் 40 விழுக்காடு. 360-ஐ 0.4-ஆல் வகுத்தால் 900. ஆகவே அங்கு வரை பிழைத்தவை 90 விழுக்காடு. இத்தகைய கணக்குக்குப் பயன்படும் கார்மாக்–ஜாலி–செபர் எனும் புள்ளியியல் மாதிரியின் உயிர்நாடி இவ்வளவுதான்.

பதிவானவற்றில் சிலவற்றைப் படகில் ஏற்றிக் கடல்முகம் நோக்கிக் கொண்டுபோவதும் உண்டு. அவற்றை அடுத்த கட்டக் கணக்கில் சேர்க்கலாகாது. கடைசி அணையான பானவில்லில், பிழைத்த விகிதத்தையும் பதிவுத் திறனையும் தனித்தனியே பிரிக்க, அதற்குக் கீழேயும் பதிவு வேண்டும். இதற்காகவே முகத்துவாரத்தில் இரு படகுகள் பின்முனை திறந்த வலையை இழுத்துச் செல்லும் முறை உருவானது. குஞ்சுகள் அந்த முனையிலுள்ள ஆண்டெனாவுக்குள் புகுந்து வெளியேறிவிடும்.

அணையில் பட்ட அடி கடலுக்குப் போன பிறகும் கொல்லக்கூடும் என்பதால், குஞ்சுகளோடு நிறுத்திவிடாமல், வளர்ந்து திரும்பும் மீன்களையும், அவை அணையை ஏறிக் கடக்க அமைத்த மீன்படிக்கட்டுகளில் அதே எண்களைக் கொண்டு தேட வேண்டும். கடலை நோக்கிப் போன குஞ்சுகளில் இப்படி வளர்ந்து திரும்புபவற்றின் விகிதத்துக்கு அங்கே வைத்துள்ள இலக்கு 2 முதல் 6 விழுக்காடு. ஓராண்டிலேயே கடலிலிருந்து திரும்பிவிடும் ‘ஜாக்’ எனும் சிறு ஆண் மீன்களைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடவும்.