வெங்காயத் தோலில் செல்களைத் தெளிவாகப் பார்க்க

தண்டையார்பேட்டையில் மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நுண்ணோக்கியில் பெரும்பாலும் காண்பது செல்களை அல்ல, கருவட்டம் சூழ்ந்த காற்றுக் குமிழிகளைத்தான். உரித்த தோல் ஒரு நொடி உலர்ந்தாலும் சுருண்டு மடிந்துவிடும் என்பதால், வெங்காய இதழை உட்குழிவின் பக்கமிருந்து ஒடித்து, அங்கே பிரியும் கண்ணாடி போன்ற சவ்வை இடுக்கியால் இழுத்து உடனே கண்ணாடித் தகட்டின் மேலுள்ள நீர்த்துளியில் இடுங்கள். பிறகு நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டு, மூடுவில்லையின், அதாவது மேலே மூடும் மெல்லிய கண்ணாடியின், ஒரு விளிம்பை முதலில் நீரில் தொடவைத்து மெல்லச் சாய்த்தால் குமிழி தங்காது. நூறு மடங்கு உருப்பெருக்கமே போதும். செங்கல் சுவரைப்போல இடைவெளியின்றி அடுக்கிய செல்களும், ஒவ்வொன்றின் ஓரமாக ஒதுங்கிய உட்கருவும் தெரியும். ஒரே அடுக்காக அமைந்த இதுதான் புறத்தோல் திசு.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. இதழின் வெளிப்பக்கத்து ஊதாத் தோலை, சாயமேதும் இடாமல், காசிமேட்டுக் கடல்நீரில் வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள அந்நீர், செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுப்பதால், ஊதா நிறம் சுவரை விட்டு விலகிச் சிறு உருண்டையாகச் சுருங்கும். செல்சுவர் மட்டும் அப்படியே நிற்கும். சற்று நேரத்துக்குள் நல்ல தண்ணீருக்கு மாற்றினால் அது மீண்டும் விரிந்து சுவரைத் தொடும்.